செண்பகவல்லியின் நாற்பத்தோரு வினாடி

வாகைமுக்குப் பேருந்து நிலையத்தில் முதல் மௌனம் விழுந்தபோது காலை ஒன்பதே முக்கால் இருக்கும், கண்டக்டர் ஐயம்பெருமாள் ஒரு பெரியவரிடம் "எங்க போணும்?" என்று கேட்டார், பெரியவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார், அந்த நொடியில் பஸ்ஸின் உறுமலும், கொய்யாப்பழம் விற்கிறவளின் கூவலும், டைம் கீப்பர் அறையிலிருந்து வந்துகொண்டிருந்த சினிமாப் பாட்டும், ஒரு கைக்குழந்தையின் அழுகையும் எல்லாமாகச் சேர்ந்து நின்றுபோய், முழுசாகப் பதினான்கு வினாடி பேருந்து நிலையமே வாயடைத்துக் கிடந்து, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல எல்லாம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன. பெரியவர் மட்டும் தொடரவில்லை. "தென்காசின்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். யோசிச்சுப் பாத்தா எனக்கு அங்க ஒரு சோலியும் இல்லயே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பஸ்ஸில் இருந்த நாற்பது பேருக்கும் அந்தப் பதினான்கு வினாடியும் தொடையில் விரலால் தாளம் போட வேண்டும்போல இருந்தது என்பதைத் தவிர வேறு சேதாரம் இல்லை.

வாகைமுக்கு ஆட்கள் லேசில் ஆச்சரியப்படுகிறவர்கள் அல்ல. கரண்ட் போனால் என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள்: பக்கத்துத் தெருவில் இருக்கிறதா என்று விசாரித்தார்கள். விசாரித்த இடத்திலும் ஒன்று விழுந்தது, அது ஒன்பது வினாடி.

விஷயம் விளங்கியது ஒருத்திக்குத்தான். பஸ்ஸுக்குப் பக்கத்தில் பிச்சிப்பூ வாங்கிக்கொண்டு நின்ற ஆவுடையம்மாள் பாக்கிச் சில்லறையை வாங்க மறந்துவிட்டாள். அந்தப் பதினான்கு வினாடியை அவளுக்குத் தெரியும். அது தவில் மாடசாமியுடையது. "முதமுதல்ல உங்களுக்குக் கைதட்டு கெடச்சது எங்க?" என்று நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் கேட்டபோது மனுஷர் பதில் சொல்லாமல் தொடையில் தட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்த நேரம் அது, அதை வெட்டியவளும் அவள்தான்.

ஆவுடையம்மாள் வாகை பண்பலையில் பதினோரு வருஷமாக 'மேடைக்குப் பின்னால்' என்று ஒரு நிகழ்ச்சி நடத்துகிறாள். பாடுகிறவர், எழுதுகிறவர், நடிக்கிறவர், பல குரலில் பேசுகிறவர், கரகம் ஆடுகிறவர் என்று வாரம் ஒருவரைக் கூட்டிவந்து எதிரே உட்காரவைத்து, இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தீங்க, யாரு வேண்டாம்னு மறிச்சா, எந்த ராத்திரி அழுதீங்க என்று பதமாகக் கேட்பாள். நல்ல கேள்வி கேட்டால் நல்ல மனுஷன் உடனே பதில் சொல்ல மாட்டான். கூரையைப் பார்ப்பான், மூக்கைச் சொறிவான், எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வருவான். அந்தப் போய்வருகிற நேரத்தைத்தான் நிலைய மேலாளர் கோமதிநாயகத்துக்குக் கண்டாலே ஆகாது.

"மூணு செகண்டுக்கு மேல சத்தம் வரலைன்னா கேக்குறவன் கை தானா அடுத்த ஸ்டேஷனுக்குப் போயிரும் ஆவுடையம்மா" என்பார். "ரேடியோவுல மௌனம்கிறது ஓட்ட. ஓட்டைய அடைச்சுக் குடுங்க."

அவள் அடைத்துக் கொடுத்தாள். ஆனால் அவள் தையல்காரர் மகள். அவளுடைய அப்பா ஜாக்கெட் தைத்த மிச்சத்தில் விரற்கடைத் துணியைக்கூடக் குப்பையில் போட்டதில்லை. அவளும் வெட்டிய மௌனங்களைத் தூர எறியாமல், கம்ப்யூட்டரில் 'துண்டு' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்குள் ஒவ்வொன்றாகச் சேர்த்துவைத்தாள். பதினோரு வருஷத்தில் அறுநூற்றுச் சொச்சம் சேர்ந்திருந்தது. முதல் மௌனம் விழுந்ததற்கு முந்தின நாள், திங்கட்கிழமை, பழைய கம்ப்யூட்டரை மாற்ற வந்தவர், "உள்ள எக்கச்சக்க ஃபைல் கெடக்கு மேடம், ஒண்ணுலயும் ஒண்ணும் கேக்கல, எல்லாம் காலி" என்று சொல்லி மொத்தமாக அழித்துவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டில் மாடசாமி விழுந்தார். ஏன், எப்படி என்றெல்லாம் கேட்டால் இதற்கு மேல் யாருக்கும் தெரியாது, கேட்கிறதற்கும் அங்கே யாருக்கும் நேரம் இல்லை.

கேள்விக்கும் பதிலுக்கும் நடுவிலிருந்து வெட்டியவை என்பதால் அவை கேள்விக்கும் பதிலுக்கும் நடுவிலேயே விழுந்தன. ஒன்று ஒரு தடவைதான் விழும், விழுந்தால் முடிந்தது. ஒவ்வொன்றிலும் அதன் சொந்தக்காரருடைய மனசு கொஞ்சம் ஒட்டியிருந்தது. துப்பறியும் கதை எழுதுகிற வைத்திலிங்கத்தின் மௌனம் விழுந்தால் எல்லோரும் கதவுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்கள். பலகுரல் பீட்டருடையது விழுந்தபோது வங்கியில் வரிசையில் நின்றவர்களுக்குத் தங்கள் சொந்தக் குரல் எது என்று சந்தேகம் வந்து, ஆளுக்கு ஒரு தடவை இருமிப் பார்த்துக்கொண்டார்கள்.

ஊர் இதையெல்லாம் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. மௌனம் விழும்போது சாலையைக் கடக்க வேண்டாம் என்று நகராட்சி போர்டு வைத்தது. மேலத்தெருவில் ஒரு வீட்டில் பெண் பார்க்க வந்த இடத்தில், "என்னம்மா, பையனப் பிடிச்சிருக்கா?" என்று கேட்ட உடனே வைத்திலிங்கத்தின் பதினாறு வினாடி இறங்கி, அது தீர்ந்ததும் பெண் "இல்ல" என்று சொல்ல, மாப்பிள்ளை "அப்பாடா, எனக்கும்தான்" என்று சொல்ல, இரண்டு வீட்டாரும் நிம்மதியாகக் கேசரி சாப்பிட்டு முடித்துச் சொந்தக்காரர்கள் மாதிரிப் பேசிக்கொண்டு கலைந்தார்கள். கட்சிக் கூட்டத்தில் ஒரு பேச்சாளர் தொண்டை நரம்பு புடைக்க "இத்தன வருஷத்துல அவங்க என்னத்தக் கிழிச்சாங்க?" என்று கேட்டுவிட்டு அவரே பதில் சொல்ல வாயெடுக்க, கரகாட்டம் பேச்சியின் இருபத்திரண்டு வினாடி அவர் தலையில் விழுந்து, அது முடிந்ததும் அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு "நாம மட்டும் என்னத்தக் கிழிச்சோம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கட்சியில் அவருக்கு மரியாதை கூடிவிட்டது.

எங்கள் தெருவில் விழுந்தது எட்டு, உங்கள் தெருவில் வெறும் மூன்றுதானே என்று பெருமை பேசுகிற அளவுக்கு ஆகிவிட்டது. வெளியூரிலிருந்து வேன் பிடித்து, புளிசாதம் கட்டிக்கொண்டு வந்து, யாரிடமாவது வழி கேட்டு, ஒரு மௌனத்தை அனுபவித்துவிட்டுப் போனார்கள். டீக்கடை இசக்கியப்பன் கடைக்கு முன்னால் கூடுதலாக நாலு பெஞ்சு போட்டார். ஆவுடையம்மாள் தெருவில் இறங்கினால் போதும், "இப்ப விழுந்துச்சே அது யாருதுக்கா?" என்று கூட்டம் கூடிவிடும். அவளும் காதைக் கொடுத்துப் பார்த்து, இது நாடகத்தில் பெண் வேஷம் கட்டுகிற வேலாயுதம், பொண்டாட்டி என்ன சொன்னான்னு கேட்டப்ப யோசிச்சது, என்று சரியாகச் சொல்லுவாள். இத்தனை வருஷம் மற்றவர்களைப் பெரிய ஆளாக்கிய ஆவுடையம்மாள் இப்போது தானே பெரிய ஆளாகிவிட்டாள் என்று ஊர் பேசியது.

ஆனால் அவளுக்கு ராவும் பகலும் ஒரே திகில். அந்த அறுநூற்றுச் சொச்சத்தில் ஒன்று அவளுடைய தங்கச்சியுடையது.

செண்பகவல்லி, பொன்வண்டு மெல்லிசைக் குழுவின் பாடகி. தெற்கே நாலு ஜில்லாவில் கோயில் கொடை என்றாலும் கல்யாணம் என்றாலும் செண்பகம் வந்து பாடினால்தான் பந்தல் நிறையும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவளை நிகழ்ச்சிக்கு அழைத்து, அக்கா தங்கச்சி இரண்டு பேரும் சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டிருந்த நடுவில், ஆவுடையம்மாள் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை அவளிடமும் கேட்டாள்: "பாட்ட விட்டுரலாம்னு எப்பவாவது தோணியிருக்கா?" செண்பகம் பேசவில்லை. பேசாமலே நாற்பத்தோரு வினாடி இருந்தாள். அப்புறம் "இல்ல" என்றாள்.

ஆவுடையம்மாள் ஒரு வினாடிகூட விட்டுவைக்காமல் நாற்பத்தொன்றையும் வெட்டினாள். ரேடியோவில் கேட்டபோது கேள்வி முடிந்த மறு நொடியே "இல்ல" என்று துள்ளிக்கொண்டு வந்தது. ஊரே கைதட்டியது. கோமதிநாயகம் கேக் வாங்கி வெட்டினார்.

மறுநாள் காலையில் செண்பகம் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றாள். செருப்பைக் கழற்றவில்லை.

"அந்த நேரத்துக்குள்ள நான் ரெண்டு தடவ பாட்ட விட்டேன், ரெண்டு தடவ திரும்பி வந்தேன். எல்லாத்தையும் எடுத்துப்போட்டுட்டு, மைக்கக் கண்டா இளிக்குத பொம்பளையா ஆக்கி வச்சிருக்க என்னைய."

"எல்லாருக்கும் அப்படித்தாம்ட்டி வெட்டுவோம். அது ஸ்டேஷன் சட்டம்."

"நான் எல்லாருமா?" என்று கேட்டுவிட்டுப் போனவள்தான். ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை. இரண்டு பேர் வீட்டுக்கும் நடுவில் இரண்டே தெரு. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் ஒருத்தி பந்தியில் உட்கார்ந்தால் மற்றவள் எழுந்து கை கழுவப் போய்விடுவாள்.

ஆவுடையம்மாளுக்கு அந்த நாற்பத்தொன்று எங்கேயாவது, யாருக்காவது, வீணாக விழுந்துவிடக் கூடாது. திருப்பிக் கொடுக்க முடியாவிட்டாலும் அது விழுகிற இடத்தில் தானும் தங்கச்சியும் மட்டும் இருக்க வேண்டும் என்று அவளுக்கு வெறியாக இருந்தது. அதற்குத் தங்கச்சியிடம் போய் ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவளுக்குத் தைரியம் இல்லை. சந்தையில் ஒருத்தி "கத்தரிக்கா சொத்தையா?" என்று கேட்டபோது, கடைக்காரி பதில் சொல்வதற்குள் ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தினாள். கடைக்காரி கையைத் தட்டிவிட்டுத் திட்டினாள், அந்தத் திட்டில் நல்லவேளையாகக் கேள்வி எதுவும் இல்லை.

ஆனி முடிந்து ஆடி பிறந்து பத்து நாள் ஆனபோது மௌனங்கள் குறைந்துவிட்டன. ஒரு நாளைக்கு நாலு, பிறகு இரண்டு, பிறகு ஒன்று. ஒருநாள் காலை ஒலிபரப்பில் கோமதிநாயகம், "இன்னும் எத்தன பாக்கி இருக்கு ஆவுடையம்மா?" என்று கேட்க, பீட்டருடைய கடைசி ஐந்து வினாடி அங்கேயே விழுந்து தீர்ந்தது. ஆவுடையம்மாள் தன் குரல்தானா என்று ஒரு தடவை இருமிப் பார்த்துவிட்டு, "ஒண்ணே ஒண்ணு" என்றாள். அது யாருடையது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அதன்பிறகு வாகைமுக்கு செய்த காரியத்தை அந்த ஊர்தான் செய்யும். கூட்டம் போடவில்லை, தீர்மானம் போடவில்லை. இசக்கியப்பன் கடைக்கு வந்தவர்களிடம் "டீயா, காப்பியா" என்று கேட்பதை நிறுத்தி, டீக்கு இரண்டு விரல், காப்பிக்கு மூன்று விரல் காட்டச் சொன்னார், அவ்வளவுதான். அந்தக் கடைசி ஒன்று வேறு யார் மேலும் வீணாக விழுந்துவிடக் கூடாது என்று, மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கக் கேள்வி கேட்பது நின்றுபோனது. ஐயம்பெருமாள் "டிக்கெட் எடுக்காதவங்க ஊர் பேரச் சொல்லிருங்க" என்றார். டாக்டர் "வலிக்குத எடத்தத் தொட்டுக் காட்டுங்க" என்றார். போலீஸ் ஸ்டேஷனில் விசாரணை நின்று, திருடனும் ஏட்டய்யாவும் சும்மா எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பரீட்சையைத் தள்ளிவைத்தார்கள். அக்காவும் தங்கச்சியும் ஜென்மத்துக்கும் சேராமல் இருக்கட்டும் என்று பிள்ளைகள் வேண்டிக்கொண்டன. வெளியூர்க்காரர்கள் வாயில் முதலில் வருவதே கேள்விதான் என்பதால் வேன்களை ஆற்றுப்பாலத்திலேயே மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். லேட்டாக வீட்டுக்கு வந்த புருஷன்மார்களை எங்கே போனாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமல் பார்த்த பார்வைக்கு அவர்களே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள்.

மூன்று நாள் இப்படிப் போனது. நாலாவது நாள் இசக்கியப்பன் ஆவுடையம்மாள் வீட்டுக்கு வந்து நின்றார்.

"ஆவுடையக்கா, நீங்க எப்ப அந்தப் பிள்ளையப் போய்ப் பாக்கப் போறீங்கன்னு நான் கேக்கல. கேக்கவே மாட்டேன். ஆனா எம் பொண்டாட்டி மூணு நாளா என்கிட்ட ஒண்ணும் கேக்காம இருக்கா. முதல் நாள் சொகமா இருந்துச்சு. இப்பப் பயமா இருக்கு. சும்மா சொல்லுதேன்."

ஆவுடையம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. தனக்காக ஒரு ஊரே வாயைக் கட்டிக்கொண்டு கிடக்கிறது, தான் வாயைத் திறக்கப் பயந்து கிடக்கிறோம் என்று வெட்கமாகவும் இருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு, இரண்டு தெருவையும் கடந்து, தங்கச்சி வீட்டுக் கதவைத் தட்டினாள். செண்பகம் கதவைத் திறந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. கண்ணாடி வேறு போட்டிருந்தாள். யாரு, என்ன என்று இரண்டு பேரும் கேட்க முடியாத நிலைமை.

"ரேடியோவுக்கு, நேரலைன்னா வாரேன்" என்றாள் செண்பகம். "பதிஞ்சு வச்சு வெட்டுத சோலியே வேண்டாம்." கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி. வாகைமுக்கில் அன்றைக்குக் கடை திறந்திருந்தது, வியாபாரம் நடக்கவில்லை. டீக்கடையில், சலூனில், ஆட்டோவில், அடுப்படி ஜன்னலில், அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில், எங்கெங்கே ரேடியோ இருந்ததோ அங்கெல்லாம் ஆள் நின்றது. கோமதிநாயகம் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்; நாற்பத்தோரு வினாடி வெறும் காற்றை ஒலிபரப்பப்போவதை நினைத்து அவர் காலைப் பலகாரத்தையே தொடவில்லை.

சிவப்பு விளக்கு எரிந்தது. ஆவுடையம்மாள் வணக்கம் சொன்னாள். அதே கேள்வியைத் தாளில் எழுதி வைத்திருந்தாள், அதைக் கேட்டால் போதும். ஆனால் தாளைப் பார்த்தாள், தங்கச்சியைப் பார்த்தாள், தாளை மடித்து வைத்துவிட்டாள். பதினோரு வருஷத்தில் முதல்முறையாக அவளுக்குக் கேள்வி வரவில்லை.

செண்பகம் மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"நான் கேக்கேன்" என்றாள். "என் பாட்டு உனக்குப் பிடிக்குமாக்கா?"

ஆவுடையம்மாளின் நாக்கில் பதில் தயாராக இருந்தது. வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்: நிச்சயமா, உங்க பாட்டு பிடிக்காதவங்க யாரு இருக்கா! சொல்ல வாயைத் திறந்தாள். மின்விசிறிச் சத்தம் நின்றது. வெளியே ரோடு நின்றது. நாற்பத்தோரு வினாடி அவள்மேல் வந்து விழுந்தது.

முதலில் அவளுக்கு மார்பு கனத்தது. பிறந்து மூன்றே நாள் இருந்துவிட்டுப் போன பிள்ளைக்காகப் பால் கட்டிக்கொண்ட செண்பகத்தின் மார்பு. இனிமேல் வாயில் பாட்டு இல்லை என்று ஒருத்தி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் யாரோ சுதி விலகிப் பாட, அவளுடைய வாய் அவளைக் கேட்காமலே அதைத் திருத்திப் பாடியது. பிறகு சென்னை. ஒலிப்பதிவுக்கூடத்தில் கோரஸ் பாடப்போன இடத்தில், உன் குரல் தனியாத் தெரியுது, தள்ளி நில்லு, இன்னும் தள்ளி நில்லு என்று கதவு வரைக்கும் தள்ளினார்கள். ஊருக்குத் திரும்பி வந்து ஆறு மாதம் ஜவுளிக்கடையில் சேலை மடித்தாள், மடித்துக்கொண்டே ஒருநாள் முணுமுணுத்ததைக் கேட்டு, சேலை எடுக்க வந்தவள் எடுக்காமல் அப்படியே நின்றுவிட்டாள். இதெல்லாம் நடந்த காலத்தில் ஆவுடையம்மாள் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தாள். பிள்ளை போனதும் சென்னைக்குப் போனதும் அவளுக்குத் தெரியும், தங்கச்சி பாட்டை விட்டதும் அதற்குத் திரும்பி வந்ததும் தெரியாது.

முப்பதாவது வினாடியிலிருந்து வேறு ஒன்றும் இல்லை, எதிரே ஒரு முகம் மட்டும் இருந்தது. காதில் ஹெட்போன், கையில் பேனா, நெற்றியில் பெரிய பொட்டு. அது அவளுடைய முகம்தான், ஒன்பது வருஷம் இளமையாக. அந்த முகம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஏட்டி என்று ஒரு வார்த்தை கூப்பிடாதா என்று மௌனம் காத்திருந்தது. அந்த முகம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் பார்த்தது. அப்புறம் "இல்ல" என்று யாரோ சொன்னார்கள்.

மின்விசிறிச் சத்தம் திரும்பி வந்தது.

"பிடிக்கும்ட்டி" என்றாள் ஆவுடையம்மாள். அது ரேடியோவில் பேசுகிற குரல் இல்லை. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை. "பிடிக்கும். பொறாமையாவும் இருக்கும். இந்த ஒம்பது வருஷத்துல நீ பாடுன கொடை ஒண்ணு விடாம வந்திருக்கேன். யாரும் பாத்துரக் கூடாதுன்னு ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால நின்னுக்கிடுவேன். ஊருல இருக்க அத்தன பேர்கிட்டயும் எப்படிப் பாடுதீக, எப்படி எழுதுதீகன்னு வாயப் பொளந்து கேட்டேன். என் கூடப் பொறந்தவகிட்ட கடியாரத்தப் பாத்துக்கிட்டே கேட்டேன். என்னைய மன்னிச்சிரு."

செண்பகம் கண்ணாடியைக் கழற்றிச் சேலை முந்தியில் துடைத்தாள். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆனது. ஊரில் ஒருவரும் அசையவில்லை.

"ஜெனரேட்டர் பக்கத்துல நின்னா என்ன எழவு கேக்கும், கிறுக்கி" என்றாள். குரல் உடைந்திருந்தது, நாலு ஜில்லாவும் அறிந்த குரல். "நாளைக்கு அம்பைக் கொடையில பாடுதேன். முன்னால வந்து உக்காரு. பிடிக்கலைன்னா எந்திரிச்சுப் போ, ஆனா பாட்டுக்கு நடுவுல போகாத."

"எத்தன மணிக்கு?" என்று கேட்டாள் ஆவுடையம்மாள்.

"ஏழு மணிக்கு" என்றாள் செண்பகம், கேட்ட வாய் மூடுவதற்குள்.